குளோனிங்: குழந்தைக்காகவா, சிகிச்சைக்காகவா?

குளோனிங் என்றால் ஒருவரின் மரபணுவை அப்படியே நகலெடுத்துக் கருவை உருவாக்குவது. அதைக் குழந்தை பெறவும் செய்யலாம், நோய்க்குச் சிகிச்சை தேடவும் செய்யலாம். இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றுதான். கருமுட்டையில் மரபணுக்கள் இருக்கும் மையப் பகுதியான உட்கருவை நீக்கிவிட்டு, ஒருவரின் உடல் செல்லிலிருந்து எடுத்த உட்கருவை அதில் வைப்பார்கள். அது கருவாக வளரத் தொடங்கும். அப்புறம்தான் பாதை பிரிகிறது.

குழந்தைக்கான குளோனிங்கில் அந்தக் கருவைக் கருப்பையில் வளர்க்க வேண்டும். 1996இல் டாலி என்ற ஆட்டுக்குட்டிக்காக 277 முட்டைகள் இப்படி மாற்றப்பட்டன. பிறந்தது அது ஒன்றுதான். அந்த இடத்தில் பெண்களை வைத்துப் பாருங்கள். எத்தனை கருச்சிதைவுகள், குறையோடு பிறக்கும் எத்தனை குழந்தைகள்! இறந்த பிள்ளையைத் திரும்பப் பெறலாம் என்ற பெற்றோரின் ஏக்கம் புரிகிறது. ஆனால் பிறப்பது அதே பிள்ளை இல்லை. காலம் தள்ளிப் பிறந்த இரட்டை. இன்னொருவராக வாழச் சொல்லி ஒரு குழந்தையைக் கொண்டுவருவது அநியாயம்.

சிகிச்சைக்கான குளோனிங்கில் கரு சில நாள்களே வளர்கிறது. அதிலிருந்து நோயாளியின் மரபணுவோடு பொருந்தும் ஸ்டெம் செல்களை, அதாவது உடலின் பல வகைச் செல்களாக வளரக்கூடிய செல்களை, எடுக்கிறார்கள். 2013இல் அமெரிக்காவின் ஓரிகான் ஆய்வாளர்கள் இதை மனித செல்களில் செய்துகாட்டினார்கள். கருவை அழிப்பது சரியா என்ற கேள்வி இங்கே இருக்கிறது. முட்டை கொடுக்கும் பெண்ணுக்குப் போடும் ஹார்மோன் ஊசிகளும் லேசான விஷயமில்லை. ஆனாலும் இரண்டில் ஒன்று என்றால், கண்டிப்பான விதிகளோடு இதைத்தான் அனுமதிப்பேன். 2007இல் மனிதத் தோல் செல்லையே ஸ்டெம் செல்லாக மாற்றிய ஜப்பான் விஞ்ஞானி ஷின்யா யமனாகாவின் முறை வந்தபின், பல ஆய்வுகளுக்குக் கருவே தேவைப்படுவதில்லை.