படமே இல்லாத படகு: டிஸ்னிசீயில் என் பதினொரு வருஷம்

போன வாரம் கல்லூரி நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் கேட்டான். "மச்சி, மார்ச்ல டோக்கியோ வர்றோம். புள்ளைங்களுக்குன்னு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். டிஸ்னிலேண்டா, டிஸ்னிசீயா? அந்த ஃப்ரோசன் ரைடு அவ்வளவு காசுக்குத் தகுமா?" மூன்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பியும் எனக்குச் சொல்லித் தீரவில்லை. சரி, உட்கார்ந்து எழுதியே விடுகிறேன். டிஸ்னிலேண்டும் டிஸ்னிசீயும் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தனித்தனிக் கேளிக்கைப் பூங்காக்கள்.

நான் இருப்பது நிஷி கசாயில். டோக்கியோவில் நம்மவர்கள் அதிகம் குடியிருக்கும் பகுதி. அடுத்த ஸ்டேஷனான கசாயில் இறங்கி பஸ் பிடித்தால் நேராக டிஸ்னி வாசலில் கொண்டுபோய் விடும். 2014-இல் வேலைக்கு வந்தேன். 2016-இலிருந்து டிஸ்னிசீக்கு வருஷ பாஸ் வைத்திருந்தேன். சனிக்கிழமை மாலை சும்மா இருந்தால், ஊரில் பீச்சுக்குப் போவது போல அங்கே போய் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு வருவேன். 2020 பிப்ரவரி 29 அன்று கொரோனாவுக்காக மூடினார்கள். ஜூலை 1 அன்று திறந்தார்கள். வருஷ பாஸ் மட்டும் திரும்ப வரவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அன்றைய டிக்கெட்தான். எனவே பாஸோடு கணக்கில்லாமல் சுற்றியவனின் அனுபவமும் கணக்குப் பார்த்துப் போகிறவனின் அனுபவமும் இரண்டுமே எனக்கு உண்டு.

அனிமேஷன் படங்கள்மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்து கிறுக்கு. அலாவுதீனும் சிங்கராஜாவும் கேசட் தேயும் வரை பார்த்தவன். டிஸ்னிசீக்கு முதல் தடவை போனபோது நான் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: படத்துக்குள் நுழைந்துவிட வேண்டும். 2024 ஜூன் 6 அன்று ஃபேன்டசி ஸ்பிரிங்ஸ் என்கிற புதுப் பகுதி அங்கே திறந்தபோது அந்த ஆசை ஏறக்குறைய நிறைவேறியது என்றே சொல்ல வேண்டும். ஃப்ரோசன், ரப்பன்செல், பீட்டர் பேன் என்று மூன்று படங்களுக்கு மூன்று ஊர்கள். ஃப்ரோசன் படகில், பனி மாளிகையில் படத்தின் நாயகி எல்சா நின்று பாடும் இடம் வரும். பொம்மை என்று மனம் ஒத்துக்கொள்ளாது. உதடு, புருவம், கையை விரிக்கும்போது தோள் அசைவது எல்லாம் படத்தில் பார்த்தபடியே இருக்கும். என் மகள் இங்கேயே பிறந்தவள். அந்தப் பாட்டு அவளுக்கு ஜப்பானிய மொழியில்தான் தெரியும், சவாரியிலும் அதே மொழிதான். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எல்சாவோடு சேர்ந்து பாடினாள். அந்த ஆறு நிமிடத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ரப்பன்செல் படகும் அழகுதான். கடைசியில் இருட்டுக்குள் விளக்குகள் மிதக்கும் கூடம் வரும்போது படகு முழுக்க "ஆ..." என்று ஒரே மூச்சு கேட்கும். அடுத்து என்ன என்று நிமிர்ந்து உட்காருவதற்குள் கரை வந்துவிடும். அவ்வளவுதான், முடிந்தது.

என் மனத்தாங்கல் இங்கேதான் தொடங்குகிறது. இந்தச் சவாரிகள் எல்லாம் நமக்கு ஏற்கெனவே தெரிந்ததை நினைவூட்டுகின்றன. படம் பார்த்தவர்கள் "ஆமா, இந்த சீன்தான்" என்று தலையாட்டலாம். பார்க்காதவருக்கு யார் யாருக்கு என்ன உறவு என்றே புரியாது. ஊரிலிருந்து வந்த என் மாமியாரை ஃப்ரோசனுக்கு அழைத்துப் போனேன். இறங்கியதும், "நல்லா இருந்துச்சு மாப்ளே, ஆனா அந்தப் பொண்ணு எதுக்கு வீட்டை விட்டு ஓடுது?" என்று கேட்டார். அத்தை கேட்டது நியாயமான கேள்வி. நல்ல கதை என்றால் அதைத் தனியாக விளக்க வேண்டியிருக்கக் கூடாது.

அதே மாமியார், அதே நாளில், எந்த விளக்கமும் இல்லாமல் ரசித்துச் சிரித்தது சிந்துபாத் படகில்.

நண்பா, நீ கேட்காத கேள்விக்கு இது பதில். அரேபியன் கோஸ்ட் பகுதியில் "சிந்துபாத்தின் கதைப்புத்தகப் பயணம்" என்று ஒரு படகுச் சவாரி இருக்கிறது. இதற்குப் பின்னால் டிஸ்னி படம் எதுவும் கிடையாது. ஆயிரத்தொரு இரவுகள் கதையை எடுத்துக்கொண்டு இவர்களாகவே கட்டியது. 2001 செப்டம்பர் 4 அன்று பூங்கா திறந்தபோது வேறு பெயரில், கொஞ்சம் பயமுறுத்துகிற சாயலோடு இருந்ததாம். 2007-இல் பெயரை மாற்றி, சந்து என்கிற புலிக்குட்டியைத் துணைக்குச் சேர்த்து, கதையைக் கனிவாக்கி, ஒரு பாட்டும் போட்டார்கள். போட்டவர் ஆலன் மென்கன். லிட்டில் மெர்மெய்ட், பியூட்டி அண்ட் தி பீஸ்ட், அலாவுதீன் படங்களுக்கு இசையமைத்தவர். ரப்பன்செல் படமும் அவர் இசைதான். ரப்பன்செல் படகில் ஒலிக்கிற பாட்டும் அவருடையதே. ஒரே மனிதரின் இரண்டு பாட்டு, இரண்டு படகு. ஒன்றுக்கு மணிக்கணக்கில் வரிசை. இன்னொன்றுக்குப் பல நாட்களில் ஐந்து நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

படகில் 24 பேர் உட்காரலாம். ஏறியதும் அங்கே வேலை செய்யும் பெண் கைகளை ஆட்டி "இத்தெராஷாய்" என்பார். வீட்டை விட்டுக் கிளம்புகிறவரிடம் ஜப்பானியர்கள் சொல்வது, நம் "போயிட்டு வாங்க" இருக்கிறதே, அச்சாக அதே அர்த்தம். அடுத்து பத்து நிமிடம் தண்ணீர் நம்மை மெதுவாக இழுத்துக்கொண்டு போகும். குலுக்கல் இல்லை. சரிவில் திடுக்கென்று இறங்குவது இல்லை. இரண்டு பக்கமும் நூற்றுக்கு மேற்பட்ட பொம்மைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. சிந்துபாத் ராட்சதப் பறவையின் முட்டைகளைத் திருடர்களிடமிருந்து காப்பாற்றுகிறான். அடைபட்டுக் கிடக்கும் அரக்கனை விடுவிக்கிறான். அந்த அரக்கனைத்தான் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். குகையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். முகம் மட்டும் நம் படகை விடப் பெரியதோ என்று தோன்றும். அவ்வளவு பெரிய விரல்களால் ஒரு நரம்பு வாத்தியத்தை, குழந்தையைத் தடவிக்கொடுப்பது போல மீட்டுவான். அரக்கனைக் கொல்லாத சிந்துபாத் கதையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

குரங்குகளின் தீவுக்குள் படகு நுழையும்போது மூக்குக்கு முதலில் தெரியும். பழுத்த வாழைப்பழ வாசனை. எங்கிருந்து வருகிறது என்று எத்தனையோ முறை தேடியிருக்கிறேன், இதுவரை பிடிபடவில்லை. முதல் தடவை அந்த வாசனை வந்தபோது எனக்குச் சட்டென்று தாத்தா வீட்டு உத்திரத்தில் தொங்கும் வாழைத்தார்தான் நினைவுக்கு வந்தது. டோக்கியோ வளைகுடா ஓரத்தில், ஜப்பானியப் பாட்டு கேட்டுக்கொண்டு, அமெரிக்க நிறுவனத்தின் பெயர் போட்ட ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்தேன். கண் கலங்கிவிட்டது.

தமிழர்களுக்கு இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. சிந்துபாத் நமக்கு அந்நியன் இல்லை. தினத்தந்தியில் 1960-இல் தொடங்கிய கன்னித்தீவு வழியாகத்தான் எனக்கு அவன் அறிமுகம். சலூனில் முறை வரும்வரை பேப்பரைப் புரட்டினால் அன்றைக்கு உண்டான கட்டங்கள், நாளைக்கு என்ன ஆகுமோ என்று ஒரு கொக்கி, "தொடரும்". அந்தக் கதை முடிந்து நான் பார்த்ததில்லை. என் அப்பாவும் பார்த்ததில்லை. இந்தப் படகின் முடிவில் சிந்துபாத் ஊர் திரும்பி, மக்கள் எல்லோரும் கூடிப் பாடி வரவேற்பதை முதன்முதலில் பார்த்தபோது, "அப்பாடா, வீடு வந்து சேர்ந்துட்டானே" என்று நெஞ்சு நிறைந்துபோனது. அப்பா டோக்கியோ வந்தபோது அவரையும் அழைத்துப் போனேன். இறங்கும்போது அவர் கேட்டது, "லைலாவைக் காணோமே?"

சரி, எரிச்சலுக்கு வருகிறேன்.

முன்பு ஃபாஸ்ட்பாஸ் என்று ஒன்று இருந்தது. டிக்கெட்டைக் காட்டி ஒரு சீட்டு எடுத்துக்கொண்டால், அதில் போட்டிருக்கும் நேரத்துக்கு வந்து சீக்கிரம் ஏறலாம். காசு கிடையாது. 2022 மே மாதம் முதல் பிரீமியர் ஆக்சஸ் வந்தது. ஒரு சவாரிக்கு ஓர் ஆளுக்கு 2,000 யென் சுமாருக்குக் கட்டினால் வரிசையைத் தாண்டலாம். நான்கு பேர் குடும்பம், இரண்டு சவாரி என்றால் நீயே பெருக்கிப் பார்த்துக்கொள். நுழைவுச் சீட்டு 2001-இல் 5,500 யென். இப்போது நாளைப் பொறுத்து 7,900-இலிருந்து 10,900 வரை. விலை ஏறுவதைக்கூட நான் புரிந்துகொள்கிறேன். கூட்டத்தைக் குறைக்க வேண்டும், ஃபேன்டசி ஸ்பிரிங்ஸுக்குக் கொட்டிய சுமார் 320 பில்லியன் யென்னையும் எடுக்க வேண்டும். இவ்வளவு சுத்தமாக, இவ்வளவு பொறுமையான ஊழியர்களோடு ஓர் இடத்தை நடத்துவது சும்மா இல்லை. அதில் எனக்குச் சண்டை இல்லை.

என்னால் பொறுக்க முடியாதது போன். கேட்டைத் தாண்டி உள்ளே போனால் எதிரே ஏரி, அதற்குப் பின்னால் 51 மீட்டர் உயரத்தில் புரொமீதியஸ் எரிமலை. அந்தக் காட்சிக்காகவே மொத்த இடத்தையும் அப்படி அமைத்திருக்கிறார்கள். இன்றைக்கு உள்ளே வருகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பார்ப்பதில்லை. குனிந்து, எந்தச் சவாரிக்கு இன்னும் இடம் இருக்கிறது என்று போனில் விரலால் தள்ளிக்கொண்டே நடக்கிறார்கள். போன இலையுதிர் காலத்தில் எனக்கு முன்னால் ஒரு சின்னப் பையன், எரிமலையிலிருந்து புகை வந்ததைக் காட்ட அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தான். "கொஞ்சம் இரு" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமலே. மூன்று முறை இழுத்தான். புகை அடங்கிவிட்டது. அந்த அப்பாமேல் எனக்குக் கோபம் இல்லை, நானும் அதே குனிந்த தலையோடு என் மகளுக்காக ஃப்ரோசனுக்கு இடம் தேடியவன்தான். காலை ஒன்பது மணிக்கு ஓர் அப்பாவை அப்படி நிற்க வைக்கிற ஏற்பாட்டின் மேல்தான் கோபம்.

அப்புறம் ஒரு பயமும் இருக்கிறது. டிஸ்னிசீயின் போர்ட் டிஸ்கவரி பகுதியில் ஸ்டார்ம்ரைடர் என்று ஒன்று இருந்தது, விமானத்தில் ஏறிப் புயலுக்குள் போகிற சவாரி. அதற்கும் எந்தப் படமும் கிடையாது. 2016 மே மாதம் மூடினார்கள். அடுத்த வருஷம் அதே இடத்தில் நீமோ வந்தது. நீமோ எனக்குப் பிடித்த படம். ஆனாலும் அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் புயல்தான் நினைவுக்கு வருகிறது. படம் இல்லாத சவாரி, வரிசை இல்லாத சவாரி, எவ்வளவு நாள் நிற்கும்? சிந்துபாத்தை மூடப் போவதாக யாரும் சொல்லவில்லை. இருந்தும் ஒவ்வொரு முறை போகும்போதும் முதலில் அங்கே போய் படகு ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எனக்கு மற்ற வேலை ஓடுகிறது.

நண்பா, உன் கேள்விக்கு வருகிறேன். இவ்வளவு சொன்ன பிறகும் என் பதில்: குழந்தைகளோடு ஒரே ஒரு நாள் என்றால் டிஸ்னிலேண்டுக்குப் போ. எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஏறி விளையாட அங்கேதான் அதிகம். டிஸ்னிசீ அவசரப்படுகிறவர்களுக்கான இடம் இல்லை. அதிலும் உன் மகள் ஃப்ரோசன் ஃப்ரோசன் என்று கேட்டுக்கொண்டே இருந்தால், அந்தக் காலை முழுக்க நீ போனைப் பார்த்துக்கொண்டு நிற்பாய், எனக்கு அது சங்கடமாக இருக்கும். அதையும் மீறி டிஸ்னிசீதான் என்று முடிவு செய்தால், யோசிக்காமல் ஃப்ரோசனுக்குக் காசைக் கட்டிவிடு. அவள் பாடும்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும். மதியம் வெயில் ஏறியதும் அரேபியன் கோஸ்டுக்கு வந்துவிடு. கறி மசாலா போட்ட பாப்கார்ன் வாசனை வழிகாட்டும்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, லேசான மழை. லீவு போட்டுவிட்டு மகளோடு போயிருந்தேன். சாயங்காலம் சிந்துபாத் படகில் நாங்கள் இரண்டே பேர், மற்ற இருக்கைகள் எல்லாம் காலி. திரும்பிக் கரை சேர்ந்தபோது அங்கே நின்ற பெண் குனிந்து "ஒக்காயெரி" என்றார். வந்துட்டீங்களா, என்று அர்த்தம். மகள் என்னைப் பார்த்து, "இன்னொரு தடவை போலாமாப்பா?" என்றாள். நடந்து சுற்றி வந்தோம். வரிசையே இல்லை. அதே படகு எங்களுக்காக நின்றது போல நின்றிருந்தது.