வளையமா, குறுக்குவழி உள்ள வலையா: ஒத்திசைவுக்கு எது நல்லது?

ஒரே அதிர்வெண் கொண்ட 100 அலையியற்றிகள், அதாவது ஊசல்போல ஒரே சுழற்சியைத் திரும்பத் திரும்பச் செய்பவை. சுழற்சியில் ஒன்று இருக்கும் இடத்தைச் சொல்லும் கோணம் அதன் கட்டம்; எல்லாக் கட்டங்களும் ஒன்றாவதே ஒத்திசைவு. ஜப்பானிய இயற்பியலாளர் குரமோட்டோ 1975-இல் தந்த மாதிரிப்படி, இணைந்திருக்கும் இரண்டும் தங்கள் கட்ட வேறுபாட்டின் சைன் அளவுக்கு ஒன்றையொன்று இழுக்கின்றன. சரி, எதை எதோடு இணைப்பது?

வளையத்தில் ஒவ்வொன்றுக்கும் இருபக்கத்து அண்டைகள் மட்டும்தான். இணைப்புகள் குறைவு, ஆனால் சிக்கலும் அங்கேதான். அடுத்தடுத்தவற்றுக்கு இடையே 3.6 பாகை வேறுபாடு இருந்தால், சுற்றி வரும்போது சரியாக 360 பாகை. ஒரு அண்டை முன்னே இழுக்கும். மற்றது அதே அளவு பின்னே இழுக்கும். இப்படி ஒரு முழுச் சுற்று சுற்றிவரும் வேறுபாடுதான் முறுக்கு; அது அப்படியே நிற்கிறது, லேசாகத் தட்டினாலும் கலைவதில்லை. பக்கத்தில் பார்த்தால் கிட்டத்தட்ட ஒத்திசைவு, மொத்தத்தில் துளியும் இல்லை! முறுக்கு விழாவிட்டாலும் வேகம் போதாது: வளையம் 10 மடங்கு பெரிதானால் ஒத்திசைய ஏறத்தாழ 100 மடங்கு நேரம் ஆகும்.

ஆய்வாளர்கள் வாட்ஸும் ஸ்ட்ரோகட்ஸும் 1998-இல் காட்டிய சிற்றுலக வலையில் சில இணைப்புகள் தொலைவுக்குப் போகின்றன; அவைதான் குறுக்குவழிகள். அதே முறுக்கில் கால் சுற்று தள்ளி இருப்பவற்றை இணைத்தால் வேறுபாடு 90 பாகை. இழுப்பு அங்கே உச்சம். இப்படிப் போதுமான குறுக்குவழிகள் சேர்ந்தால் முறுக்கு நிலைப்பது கடினம். வலை பெரிதானாலும் வேகம் அவ்வளவாகக் குறையாது.

என் தேர்வு இதுதான். ஆனால் குறுக்குவழிகளை ஒரே கணுவில், அதாவது வலையின் ஒரே அலையியற்றியில், குவிக்கக் கூடாது. சில ஒழுங்கிலா (கணிக்க முடியாதபடி ஆடும்) அலையியற்றிகளில் இணைப்பு மிகவும் வலுத்தாலும் ஒத்திசைவு உடையும். நிறைய இணைப்புள்ள கணுதான் அந்த வரம்பை முதலில் தாண்டும்.