தேர்வுக்காகவா, ஆயாவுக்காகவா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் பிள்ளையைப் பியானோ முன் உட்கார வைக்க இரண்டு வழி: யூனிசா (தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம்) நடத்தும் கிரேடு இசைத் தேர்வு, இல்லையென்றால் பிடித்த பாட்டைக் காதால் பிடித்து வாசிப்பது.

தேர்வுக்குத் தேதி குறித்துவிட்டால் பிள்ளை தானாகவே ஸ்கேல், அதாவது சுரவரிசை, வாசித்துப் பழகும். 8 கிரேடு வரை ஏறலாம். ஆனால் சான்றிதழ் வந்த மறுவாரம் மூடியே திறக்காத பியானோக்களையும் பார்த்திருக்கிறேன்.

காதுவழி வேறு மாதிரி. என் மகள் ஒற்றை விரலால் முருகன் பஜனை மெட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் தவறி, பக்கத்துக் கறுப்புக் கட்டைக்குத் தாவினாள், பிடிபட்டது. அடுக்களையிலிருந்து ஆயா, அவள் பாட்டி, கூடவே பாட ஆரம்பித்தார். சாப்பிடக் கூப்பிட்டும் அவள் எழவில்லை. விரல் வைப்பு மோசம்தான். சரி, அப்புறம் திருத்தலாம். என் ஓட்டு, முதல் இரண்டு வருடம் ஆயாவுக்கு, பிறகு யூனிசாவுக்கு.