பெயின்டைச் சுரண்டியா, சுரண்டாமலா? டை பெனட்ரன்டும் எடி கரன்டும்

சேலத்தில் விரிசல் சோதனைக்கூடம் வைத்திருக்கிறேன் என்று சொன்னால், வீட்டுச் சுவரை வந்து பார்க்கச் சொல்லி முகவரி தருகிறார்கள். நான் பார்ப்பது உலோகத்தில் விழும் விரிசலை. கருப்பூர்ப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. வருமானத்தில் பெரும்பகுதி சங்ககிரி லாரிக்காரர்கள் கொண்டுவரும் கிங்பின்னிலும் ஆக்சிலிலும் இருந்து. ஆனால் தொழில் கற்றது பெங்களூரில், ஒரு விமானப் பராமரிப்பு ஹாங்கரில். 2019-இல் தொடங்கிய தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் சேலமும் ஒன்று என்று ஆனதிலிருந்து, இங்குள்ள லேத் பட்டறைக்காரர்கள் வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: விமானப் பாகத்தைச் சோதிக்க எதை வாங்குவது, சாயம் பூசி விரிசலைக் காட்டும் டை பெனட்ரன்டா, மின்னோட்டத்தால் விரிசலைத் தேடும் எடி கரன்டா?

நான் எடி கரன்ட் வாங்கினேன். அந்தப் பக்கம்தான் சாய்வேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விமானப் பாகங்களுக்கு விதிக்கப்படும் கட்டாயச் சோதனை என்பது என்ன என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒரு வகை விமானத்திலோ ஹெலிகாப்டரிலோ குறிப்பிட்ட பாகம் விரிசல் விடுகிறது என்று தெரிந்துவிட்டால், அமெரிக்க எஃப்.ஏ.ஏ., ஐரோப்பிய ஈ.ஏ.எஸ்.ஏ. போன்ற விமானப் பாதுகாப்பு ஆணையங்கள் ஏர்வொர்தினெஸ் டைரக்டிவ் என்ற உத்தரவைப் போடும். ஹாங்கரில் அதை 'ஏ.டி.' என்போம். நம் நாட்டு ஆணையமான டி.ஜி.சி.ஏ.வின் விதிப்படி இங்கே பறப்பவையும் அதை நிறைவேற்றியாக வேண்டும். இத்தனை மணி நேரம் பறந்த பின் முதல் சோதனை, பிறகு இத்தனை மணிக்கு ஒரு தடவை என்று கணக்கு இருக்கும். தவறினால் வண்டி தரையை விட்டு எழும்பக் கூடாது. எந்த முறையில் சோதிப்பது என்பதையும் பெரும்பாலும் உத்தரவே சொல்லிவிடும். சிலவற்றில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். உத்தரவில் இல்லாத முறையில் பார்க்கத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். ஆகவே சோதிப்பவரின் விருப்பத்துக்கு எல்லை உண்டு. எந்தக் கருவியை வாங்கிவைத்து எந்த வேலையை எடுப்பது என்பதில்தான் நம் தேர்வு.

மற்ற முறைகளைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். காந்தத் துகள் சோதனை எஃகுக்கு அருமையானது. லாரி ஆக்சிலுக்கு இன்றும் அதுதான். அலுமினியத்தில் அது எடுபடாது. எக்ஸ்ரேவுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி தொடங்கி ஆயிரம் ஏற்பாடு வேண்டும், நான் கைவைத்ததில்லை.

டை பெனட்ரன்ட் எளிமையானது. பாகத்தைச் சுத்தம் செய்து, சிவப்புச் சாயமோ ஒளிரும் திரவமோ பூசி, பத்து நிமிடத்திலிருந்து அரைமணி வரை ஊறவிட்டு, மேலே இருப்பதைத் துடைத்து, வெள்ளை டெவலப்பரைத் தெளித்தால் போதும். விரிசலுக்குள் போன சாயம் மேலே ஏறி வரும். முதலில் ஒரு புள்ளி, பிறகு இன்னொரு புள்ளி, பிறகு இரண்டும் சேர்ந்து மயிரிழைக் கோடாகி, வெள்ளைத் துணியில் வெற்றிலைச் சாறு பட்டதுபோலப் பரவும். பார்ப்பவருக்குப் பெரிய பயிற்சி இல்லாமலே 'இதோ' என்று தெரிந்துவிடுகிறது. மூன்று கேன் வாங்கினால் வேலையைத் தொடங்கிவிடலாம்; எடி கரன்ட் கருவிக்கோ லட்சக்கணக்கில் ஆகும். விமான வேலைக்குச் சிவப்புச் சாயத்தை அநேகமாக ஏற்பதில்லை. ஒளிரும் திரவம், இருட்டறை, புற ஊதா விளக்கு எல்லாம் வேண்டும். அதோடு பாகத்தின் சூடு ஏறத்தாழ 50 பாகை செல்சியஸைத் தாண்டக் கூடாது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகை வாசலில் வைத்த இரும்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு எளிதில் தாண்டிவிடும் என்று தெரியும்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. என் முடிவைத் தீர்மானித்தது பெயின்ட்.

ஒரு ஹெலிகாப்டரின் வால் பகுதியை உடலோடு இணைக்கும் அலுமினிய ஃபிட்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் பிரைமர், அதன்மேல் பெயின்ட். சாயம் விரிசலுக்குள் போக வேண்டுமானால் விரிசலின் வாய் திறந்திருக்க வேண்டும். ஆகவே பெயின்ட் முழுதாகப் போயாக வேண்டும். இரும்புப் பிரஷ்ஷும் உப்புத்தாளும் கூடாது. அலுமினியம் மெத்தென்ற உலோகம். தேய்த்தால் மேல்தோல் நகர்ந்து விரிசலின் வாயை மூடிவிடும், பிறகு எந்தச் சாயமும் உள்ளே போகாது. எனவே ரசாயன ஸ்டிரிப்பர், பிளாஸ்டிக் சுரண்டி, கழுவல், முழு உலர்த்தல். உலரவில்லை என்றால் விரிசலுக்குள் தண்ணீர் உட்கார்ந்துகொண்டு சாயத்தை விடாது. அதற்குப் பிறகுதான் சோதனையே தொடங்குகிறது. முடிந்ததும் டெவலப்பரைக் கழுவி எடுக்க வேண்டும். அது ஈரத்தைப் பிடித்து வைத்து அரிப்பை வரவழைக்கும். பிறகு அலோடின் என்ற ரசாயனக் காப்புப் பூச்சு, பிரைமர், பெயின்ட், ஒவ்வொன்றும் காய்வதற்குக் காத்திருப்பு. ஐப்பசி மழையில் பிரைமர் காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றால் பொறுமைக்குப் பொருள் புரியும்.

ஒரு தடவைக்கு இது பரவாயில்லை. ஆனால் ஏ.டி. ஒரு தடவையோடு விடுவதில்லை. சில நூறு மணி நேரம் பறந்ததும் அதே ஃபிட்டிங், அதே ஸ்டிரிப்பர், அதே அலோடின். வண்டி தரையில் நிற்கும் நேரத்தில் பெரும்பங்கு விரிசல் தேடுவதில் போவதில்லை, உரிப்பதிலும் பூசுவதிலும் போகிறது. அதைவிட எனக்கு உறுத்துவது வேறு: ஒவ்வொரு உரிப்பிலும் அந்தப் பாகத்தின் காப்புப் பூச்சு போய்வருகிறது. சரியாகப் பூசாத ஒரு மூலையில் அரிப்புக் குழி விழும். குழியிலிருந்து விரிசல் தொடங்கும். இது வெறும் கற்பனை பயம் அல்ல. 2019 மே மாதம் ஆஸ்திரேலியாவின் மவுண்ட் ஐசா அருகே ஒரு செஸ்னா 210 விமானத்தின் இறக்கை வானிலேயே பிரிந்து இருவர் இறந்தார்கள். இரு இறக்கைகளையும் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் அரிப்புக் குழி ஒன்றிலிருந்து கிளம்பிய, திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கி வளரும் சோர்வு விரிசல்தான் காரணம். அடுத்த ஆண்டு எஃப்.ஏ.ஏ. போட்ட உத்தரவு அந்தச் சட்டத்தை எடி கரன்டில் சோதிக்கச் சொன்னது. கூடவே காப்புப் பூச்சையும் அரிப்புத் தடுப்பானையும் பூசச் சொன்னது. பூச்சு எவ்வளவு முக்கியம் என்பது அந்த உத்தரவிலேயே இருக்கிறது.

எடி கரன்டுக்குப் பெயின்ட் பெரிய தடை இல்லை. பாகத்தின்மேல் ஓட்டும் கருவிமுனையான புரோப்புக்குள் இருக்கும் சிறு கம்பிச் சுருளில் மாறுமின்னோட்டம் ஓடும். அது உலோகத்தின் மேல்தோலில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டும். விரிசல் குறுக்கே வந்தால் ஓட்டம் சுற்றிப் போக வேண்டியிருக்கும், திரையில் புள்ளி துள்ளும். நடுவில் மெல்லிய, சீரான பெயின்ட் இருந்தால் கருவியை அதற்கேற்பச் சரிசெய்துகொள்ளலாம். எவ்வளவு தடிமன் வரை என்பதை அந்தந்தக் கையேடு சொல்லும். எங்கள் ஊர் லாரி பாடிபோல அடுக்கடுக்காக அடித்திருந்தால் இதற்கும் உரிக்கத்தான் வேண்டும். முதலில் தெரிந்த ஆழத்தில் கீறல் வெட்டிய அலுமினியக் கட்டை ஒன்றின்மேல் புரோப்பை ஓட்டுவோம். 0.2, 0.5, 1 மில்லிமீட்டர் கீறல்களுக்குப் புள்ளி எவ்வளவு உயரம் எழுகிறது என்று குறித்துக்கொண்டு, பிறகு ஃபிட்டிங். சாயம் ஊற வேண்டியதில்லை, காய வேண்டியதில்லை. பேட்டரியில் ஓடுவதால் மின்வெட்டும் பொருட்டில்லை.

திறனிலும் அதற்கே முன்னிலை என்பதற்கு விபத்து விசாரணைகள் சாட்சி. 1989-இல் அமெரிக்காவின் சூ சிட்டியில் 112 பேர் இறந்த டி.சி.-10 விபத்தில், எஞ்சின் விசிறி வட்டில் இருந்த விரிசலை ஒளிரும் பெனட்ரன்ட் சோதனை தவறவிட்டிருந்தது. 1996-இல் பென்சகோலாவில் ஒரு எம்.டி.-88 விமானத்தின் விசிறி மையம் உடைந்து இரு பயணிகள் இறந்ததிலும் அதே கதை. 2018 ஏப்ரலில் சவுத்வெஸ்ட் விமானமொன்றில் விசிறி இலை உடைந்து ஒரு பயணி இறந்தார். அந்த இலைகளை 2012-இல் பெனட்ரன்டில்தான் பார்த்திருந்தார்கள். 2016-இல் அதே நிறுவனத்தின் இன்னொரு விமானத்தில் இலை உடைந்த பிறகுதான் எஞ்சின் தயாரிப்பாளர் பெனட்ரன்டோடு எடி கரன்டையும் சேர்த்தார். மேற்பரப்பில் திறந்த விரிசலை மட்டுமே பெனட்ரன்ட் காட்டும். எடி கரன்ட் மேற்பரப்பை ஒட்டி உள்ளே இருப்பதையும் காட்டும்.

உடனே எடி கரன்ட்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் 89,680 தடவை பறந்து முடித்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானத்தின் மேற்கூரை வானில் பிய்ந்து, விமானப் பணிப்பெண் ஒருவர் இறந்தார். அதன் மூட்டுகளை எடி கரன்டில் சோதிக்கச் சொல்லும் உத்தரவு அதற்கு முந்தைய ஆண்டே வந்திருந்தது. உத்தரவு எல்லா மூட்டுகளையும் கேட்கவில்லை என்பது ஒரு குறை. நிறுவனத்தின் பராமரிப்பில் விரிசல்கள் கண்ணுக்குப் படாமல் போனது பெரிய குறை. ஏறும்போதே கதவருகில் விரிசலைப் பார்த்ததாக ஒரு பயணி பிறகு சொன்னார். யாரிடமும் சொல்லாமல் போய் உட்கார்ந்திருக்கிறார்!

ஆள்தான் எடி கரன்டின் பலவீனம். சிவப்புக் கோட்டை யாரும் காட்டலாம். திரையில் துள்ளும் புள்ளி விரிசலா, ஓரத்தை நெருங்கியதால் வந்த துள்ளலா, புரோப் சற்றுச் சாய்ந்ததா என்பதைப் பழகிய கைதான் சொல்லும். விமானத் துறையின் சான்றிதழ் விதிகள் பெனட்ரன்டைவிட இதற்குக் கூடுதல் அனுபவ நேரம் கேட்கின்றன. சேலத்தில் அப்படி ஒருவரைத் தேடிப் பிடிப்பது கருவியை வாங்குவதைவிடக் கடினம். இன்னொன்று, புரோப்பின் முனை பேனா முனை அளவு. ஓட்டையைச் சுற்றி, வளைவின் ஓரத்தில் என்று இடம் தெரிந்தால் அதற்கு நிகர் இல்லை. பாகம் முழுவதையும் பார் என்றால் தாவு தீர்ந்துவிடும்; அங்கே பெனட்ரன்ட்தான் சரி. ஏ.டி.களில் பெரும்பாலும் இடத்தைக் குறித்தே கொடுத்துவிடுவார்கள் என்பது நமக்குச் சாதகம்.

பைப்பர் நிறுவனத்தின் சிறு விமானங்களுக்கு வந்த உத்தரவு இதற்கு நல்ல உதாரணம். 2018-இல் அமெரிக்காவின் டேட்டோனா பீச்சில் ஒரு பயிற்சி விமானத்தின் இறக்கை கழன்ற பிறகு, இறக்கையைத் தாங்கும் நீளச் சட்டமான ஸ்பாரின் கீழ்ப்பக்க போல்ட் ஓட்டைகளை மட்டும் எடி கரன்டில் பார்க்கச் சொன்னார்கள். எத்தனை 100 மணிச் சோதனைகள் நடந்தன என்பதை வைத்து விமானத்தின் வயதைத் திருத்திக் கணக்கிட்டு, அது 5,000 மணியைத் தொட்டால் சோதனை. ஏறி இறங்கியே தேயும் பயிற்சி விமானத்துக்கும் வார இறுதியில் மட்டும் பறப்பதற்கும் ஒரே தராசு போடாத கணக்கு இது. சேலத்தின் காமலாபுரம் விமான நிலையத்தைப் பயிற்சிப் பள்ளிக்குத் தேர்ந்தெடுத்த செய்தி வந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்த உத்தரவுதான். போல்ட்டைக் கழற்றி மாட்டும்போது ஓட்டையில் கீறல் போட்டுவிடும் அபாயம் மட்டும் இதிலும் உண்டு.

ஹெலிகாப்டர் கியர்பாக்ஸ் விஷயத்தில் என் வாயை மூடிக்கொள்கிறேன். 2016-இல் நார்வேயில் எச்225 ஹெலிகாப்டரின் சுழலி தனியே பிரிந்து 13 பேர் இறந்தார்கள். கியர் பல்சக்கரத்தின் மேற்பரப்பிலிருந்த நுண்ணிய குழியில் தொடங்கிய விரிசல் உலோகத்துக்கு உள்ளேயே வளர்ந்திருந்தது. முழுதாகப் பூட்டிய கியர்பாக்ஸுக்குள் அப்படி வளர்வதை நான் பேசும் இரண்டு முறைகளாலும் பார்க்க முடியாது. கலப்புப் பொருளில் செய்த சுழலி இலைகளிலும் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே மீயொலியால் (அல்ட்ராசோனிக்) சோதிப்பவர்களைக் கேளுங்கள்.

அக்கா மகன் அம்மாபேட்டையில் சி.என்.சி. பட்டறை வைத்திருக்கிறான். விமானத்துக்கு அலுமினிய பிராக்கெட் கடைந்து தரும் ஆர்டருக்கு முயல்கிறான். "மாமா, நீங்கள் வாங்கியதையே நானும் வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டான்.

"வேண்டாம் மாப்பிள்ளை. உன்னிடம் இருப்பது புதுப் பாகம். உரிப்பதற்குப் பெயின்ட்டே இல்லையே" என்றேன்.

கடைசலில் நகர்ந்த தோலை எடுக்க லேசான அமில அரிப்பு மட்டும் கொடுத்துவிட்டு, நூறு பிராக்கெட்டை ஒரே கூடையில் வைத்துப் பெனட்ரன்ட் தொட்டியில் முக்கி எடுக்கலாம். அதையே புரோப்பால் ஒவ்வொன்றாகத் தடவ ஆள் கூலி கட்டுப்படியாகாது. ஒளிரும் பெனட்ரன்ட் வரிசை ஒன்றைப் போடச் சொல்லியிருக்கிறேன். இருட்டறைக்குக் குளிர்சாதன வசதி வேண்டும், பார்க்கும் ஆளுக்கு ஆண்டுதோறும் கண் பரிசோதனை வேண்டும், வெயிலில் கறுக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு உள்ளே போகக் கூடாது. தண்ணீர் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. போர்வெல் தண்ணீரின் உப்புக் கறை டெவலப்பரின்மேல் படிந்தால் எது கறை எது கோடு என்று தினமும் சண்டை நடக்கும். மென்னீர்ப் பிளாண்டுக்கு விலை கேட்டு வைத்திருக்கிறான்.