விக்கியா, ஃபோரமா? ஆர்ச் லினக்ஸோடு பத்து வருடத்துக்கு மேல் பழகிய அனுபவம்

2012 ஜூலைக் கடைசியில் ஒரு ஞாயிறு இரவு. ஆர்ச் லினக்ஸ் என்ற இயங்குதளம் ஓடிய என் லேப்டாப்பில், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கமாண்டைத் தட்டினால் 'அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை' என்று வந்தது. கோப்பை நகலெடுக்கும் சிபி, கோப்பைக் காட்டும் கேட், மென்பொருள்களை நிறுவும் பேக்மேன், எதைத் தட்டினாலும் அதே பதில். சிடியும் எக்கோவும் மட்டும் வேலை செய்தன. அவை நாம் தட்டும் கமாண்டுகளை வாங்கி இயக்கும் பேஷ் என்ற நிரலுக்குள்ளேயே இருப்பவை, வெளியே போய் எதையும் தேட வேண்டியதில்லை. எக்கோவுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் கோப்புகளின் பெயர் வரிசையாக வந்தது. எல்லாம் வட்டில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் ஒன்றையும் ஓட்ட முடியவில்லை.

அந்த மாதம் ஆர்ச் லினக்ஸில், ஏறக்குறைய எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் ஜிலிப்சி என்ற நூலகத்துக்கு அப்டேட் வந்திருந்தது. பழைய லிப் கோப்புறையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் யூஎஸ்ஆர் என்ற கோப்புறைக்குள் இருக்கும் லிப்புக்கு ஒரு இணைப்பை மட்டும் வைக்கிற மாற்றம் அது. பழைய கோப்புறையில் வேறு பேக்கேஜின் கோப்பு ஏதாவது மிச்சம் இருந்தால் பேக்மேன் மறுத்துவிடும். எனக்கு மறுத்தது. இணையத்தில் தேடினேன். ஏதோ ஒரு ஃபோரத் திரியில் (ஒருவர் கேட்ட கேள்வியும் அதன்கீழ் வரும் மறுமொழிகளும்) முதல் மறுமொழியே, பேக்மேனின் மறுப்பை மீறச் சொல்லி, 'ஃபோர்ஸ் போட்டு ஓட்டுங்கள், சரியாகிவிடும்' என்றது. ஓட்டினேன். எந்த நிரலைத் தொடங்கினாலும் முதலில் அதை நினைவகத்தில் ஏற்றிவிடும் லோடர் அந்த லிப்பில்தான் இருக்கும். அதற்குப் போகும் வழி அறுந்துபோனது.

மறுநாள் நண்பர் வீட்டில் அதே திரியைத் திறந்து முழுவதும் படித்தேன். பத்துப் பன்னிரண்டு மறுமொழி தாண்டி ஒருவர் எழுதியிருந்தார்: 'மேலே சொன்னதைச் செய்யாதீர்கள், செய்தவர்கள் இந்த விக்கிப் பக்கத்தைப் பாருங்கள்.' ஆர்ச்சின் செய்திப் பக்கத்திலும் ஃபோர்ஸ் வேண்டாம் என்று முன்பே தெளிவாக எழுதியிருந்தார்கள். நான்தான் அங்கே போகவில்லை. லைவ் யூஎஸ்பியில் (வட்டில் இருப்பதைத் தொடாமல் லினக்ஸைத் தொடங்க உதவும் பென்டிரைவ்) ஏறி, விக்கிப் பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து வைத்துக்கொண்டு, லிப்பில் மிச்சம் இருந்தவற்றை நகர்த்தி, இணைப்பைத் திரும்பப் போட்டேன். முக்கால் மணி நேரம் ஆனது.

விக்கி, ஃபோரம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்தத் திரிதான் நினைவுக்கு வரும். ஃபோரத்தில் தப்பான பதிலும் சரியான பதிலும் ஒரே அளவு எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. முதலில் வந்தது மேலே இருக்கும், அவ்வளவுதான். விக்கியில் தப்பு இருந்தால் அடுத்து வருகிறவர் அதை அழித்துவிடுவார். படிக்கிறவருக்குக் கிடைப்பது சண்டை முடிந்த பிறகு மிஞ்சியது. அவசரத்தில், பதற்றத்தில் இருக்கிற மனிதனுக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெரியது.

அதற்காக விக்கி போதும் என்று சொல்ல மாட்டேன். அடுத்த வருடம் வேறு லேப்டாப் வாங்கினேன். மூடி வைத்துத் திறந்தால் வைஃபை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துண்டித்துக்கொண்டது. ஆர்ச்விக்கியின் வயர்லெஸ் பக்கத்தில் பிரச்சினைகளும் தீர்வுகளும் நிறைய இருந்தன. வரிசையாகச் செய்து பார்த்தேன், எதுவும் பலிக்கவில்லை. விக்கி நம்மிடம் திரும்பக் கேள்வி கேட்காது. ஃபோரத்தில் கேட்டேன். அங்கே ஒருவர் தீர்வு எதுவும் சொல்லாமல் மூன்று விஷயம் கேட்டார்: எந்தச் சிப், துண்டிக்கும் அந்த நிமிடத்தில் கெர்னல் லாகில் (இயங்குதளத்தின் மையப் பகுதி எழுதும் பதிவு) என்ன வருகிறது, மூடித் திறக்காமல் இருந்தாலும் துண்டிக்கிறதா? மூன்றாவது கேள்வியை நான் யோசித்ததே இல்லை. பார்த்தேன்; துண்டிக்கவில்லை. மூடித் திறக்கும்போது வைஃபை கார்டின் மின்சேமிப்பு தானாக மறுபடி இயங்கிவிடுகிறது. ஐடபிள்யூ கமாண்டில் அந்த மின்சேமிப்பை அணைத்ததும் துண்டிப்பு நின்றது. எனக்கு அன்றைக்குக் கிடைத்தது ஒரு தீர்வு மட்டும் இல்லை, கேள்வியை எப்படிச் சுருக்கிக்கொண்டே போவது என்பதும்தான். எந்த விக்கிப் பக்கமும் அதைக் கற்றுத் தந்திருக்காது.

சரி, நமக்குத் தெரிந்ததை விக்கியில் போடுவோம் என்று என் லேப்டாப் மாடலுக்கான பக்கத்தில் மூன்று பத்தி எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதக் கூச்சமாக இருந்தது. ஃபோரத்தில் உடைந்த ஆங்கிலத்தில் கேட்டாலும் யாரும் கண்டுகொள்வதில்லை, அது பேச்சு மாதிரி. விக்கி என்றால் அச்சில் ஏறுவது போல. நம் ஆட்கள் பலரும் ஃபோரத்தில் பிரமாதமாகப் பதில் சொல்லிவிட்டு விக்கிப் பக்கம் மட்டும் போகாமல் இருப்பதற்கு இந்தக் கூச்சம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அது தேவையே இல்லை. இலக்கணத்தை அடுத்தவர் திருத்திவிடுவார், விஷயத்தை நாம்தான் தர முடியும்.

அரை மணி நேரத்தில் என் மூன்று பத்தியும் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டன. பராமரிப்பாளர் ஒருவர் திருத்தக் குறிப்பில் காரணமும் எழுதியிருந்தார்: மின்சேமிப்பை அணைக்கும் முறை மின் மேலாண்மைப் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிறது, அங்கே இணைப்புக் கொடுத்தால் போதும். முதலில் மனம் சுருக்கென்றது. இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. ஒரே கமாண்டை ஐந்து பக்கத்தில் எழுதினால், அந்தக் கமாண்ட் மாறும்போது ஒரு பக்கம்தான் திருத்தப்படும், மற்ற நான்கும் பொய் சொல்லிக்கொண்டிருக்கும். ஆர்ச்விக்கியை மற்ற லினக்ஸ்காரர்களும் தேடி வந்து படிக்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் இப்படி ஈவிரக்கமில்லாமல் வெட்டித் தைக்கிற தன்னார்வலர்கள் இருக்கிறார்கள்.

பழசாகிப்போவதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஃபோரத்தின் பெரிய குறை அதுதான். கணினி தொடங்கும்போது சேவைகளை எல்லாம் ஓடவைக்கும் வேலைக்கு ஆர்ச் 2012 அக்டோபரில் சிஸ்டம்டி என்ற மென்பொருளுக்கு மாறியது. அதற்கு முன் எல்லாவற்றுக்கும் ஆர்சி.கான்ஃப் என்ற ஒரே கோப்பைத் திருத்துவோம். பல வருடம் கழித்தும் ஏதாவது தேடினால் 2009ஆம் வருடத் திரி வந்து 'ஆர்சி.கான்ஃபில் இந்த வரியைச் சேருங்கள்' என்று சொல்லும். தலைப்பில் 'தீர்ந்தது' என்று வேறு இருக்கும். புதிதாக வந்தவர் அந்தக் கோப்பைத் தேடி அலைவார். திரியில் போய்த் திருத்தலாம் என்றால், பழைய திரியைக் கிளறக்கூடாது என்பது ஃபோர விதி. அந்த விதியில் நியாயம் இருக்கிறது, ஆனால் விளைவு என்னவோ தப்பு கல்லில் செதுக்கியது மாதிரி நின்றுவிடுவதுதான். விக்கியும் பழசாகும். ஆனால் அங்கே பக்கத்தின் தலையில் 'இது காலாவதியானது', 'இதன் துல்லியம் கேள்விக்குரியது' என்று அட்டை கட்டிவிடலாம். ஏன் என்று உரையாடல் பக்கத்தில் எழுதலாம். இந்தச் சின்ன அட்டைகள் எனக்கு எத்தனையோ இரவுகளை மிச்சப்படுத்தியிருக்கின்றன.

வேகத்தில் மட்டும் ஃபோரத்தை அடித்துக்கொள்ள முடியாது. 2022 ஆகஸ்டில், கணினியைப் போட்டதும் லினக்ஸை ஏற்றிவிடும் கிரப் என்ற நிரல் அப்டேட் ஆகி, மெனு கோப்பைப் புதிதாக உருவாக்கியவர்களில் பலருக்கு மெஷின் லினக்ஸுக்குள்ளேயே போகாமல் நேராக பயாஸ் அமைப்புக்குள் போய் நின்றது. புதிய மெனு கோப்பில் இருந்த ஒரு கமாண்டை, ஏற்கெனவே வட்டில் நிறுவியிருந்த பழைய கிரப் தப்பாகப் புரிந்துகொண்டது. பேக்கேஜ் புதியது, பூட் பகுதியில் இருப்பது பழையது, இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. லைவ் யூஎஸ்பியில் ஏறி, குரூட் செய்து (வட்டில் இருக்கும் லினக்ஸுக்குள் நுழைந்து), கிரப்பை மறுபடி நிறுவி, மெனுவையும் உருவாக்கினால் போதும். இது திரிகளில் சுடச்சுட வந்துவிட்டது. ஆர்ச்சின் செய்திப் பக்கத்தில் அறிவிப்பு வந்தது ஆகஸ்ட் 30 அன்று. அதைக் குறையாகச் சொல்லவில்லை. காரணம் இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாத நேரத்தில் விக்கியில் எழுதினால், யூகம் உண்மையின் சட்டையைப் போட்டுக்கொண்டுவிடும். யூகம் இருக்க வேண்டிய இடம் திரிதான். அங்கே நாலு பேர் அடித்துப் பார்த்து, எது தாங்குகிறதோ அது விக்கிக்குப் போகட்டும்.

இரண்டையும் ஒரே கூரைக்குள் கொண்டுவரப் பார்த்தவர்களும் உண்டு. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2016 ஜூலையில், பயனர்களே விளக்கக் குறிப்புகளை எழுதும் 'டாக்குமெண்டேஷன்' என்ற பகுதியைத் தொடங்கி, 2017 ஆகஸ்டில் மூடிவிட்டது. என் கணிப்பு என்னவென்றால், கேள்வி-பதில் தளத்தில் ஒருவர் எழுதுவது எதிரே ஒரு ஆள் மாட்டிக்கொண்டு நிற்பதால். கேட்பவரே இல்லாத இடத்தில் எழுத அதே ஆட்களுக்குக் கை வரவில்லை. இதைவிட டிஸ்கோர்ஸ் என்ற ஃபோரம் மென்பொருளில் இருக்கும் வசதி எனக்குப் பிடித்தது. திரியின் எந்தப் பதிவையும் விக்கியாக மாற்றிவிடலாம், பிறகு மற்றவர்களும் அதைத் திருத்தலாம். முதல் பதிவே எப்போதும் புதிதாக இருக்கும், கீழே பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். சின்னக் குழுவுக்கு இதுவே போதும், தனியாக விக்கி நிறுவிப் பராமரிக்க ஆள் தேட வேண்டாம்.

ஆள் என்றதும் இன்னொரு லினக்ஸ் வகையான ஜென்டூவின் கதை ஞாபகம் வருகிறது. பயனர்கள் தாங்களாக நடத்திவந்த ஜென்டூ-விக்கி 2008ல் தன் தரவுத்தளத்தை இழந்தது, காப்புப் பிரதி இல்லை. அவ்வளவு பேர் எழுதிச் சேர்த்தது போயிற்று. தேடுபொறிகளின் தற்காலிகச் சேமிப்பிலிருந்து பக்கம் பக்கமாகப் பொறுக்கினார்கள். எவ்வளவு நல்ல விக்கியாக இருந்தாலும், அதன் நகல் எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் எனக்கு விக்கியும் ஃபோரமும் எதிரெதிராகத் தெரியவில்லை. எதிரே நிற்பது டெலிகிராம் குழு. அங்கே நல்ல மனசுக்காரர்கள் தினமும் அருமையான பதில்களைத் தருகிறார்கள். சாயங்காலத்துக்குள் அந்தப் பதில்கள் புதிய செய்திகளுக்கு மேலே போய் மறைந்துவிடுகின்றன, தேடுபொறிக்கும் தெரியாது. நான் இருக்கும் ஒரு குழுவில் தமிழ்99 தட்டச்சை ஐபஸில் (லினக்ஸில் பல மொழிகளில் தட்டச்சு செய்ய உதவும் மென்பொருள்) எப்படி அமைப்பது என்ற கேள்வி மட்டும் இந்த வருடம் ஆறேழு முறை வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் யாராவது பொறுமையாக முதலிலிருந்து சொல்கிறார்கள். அந்த உழைப்பைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. ஒரு முறை, ஒரே ஒரு முறை அதை ஒரு பக்கத்தில் எழுதி வைத்தால் என்ன?

எனக்கு ஒரு பிரச்சினை தீர்ந்தால், அன்றைக்கே திரியின் தலைப்பில் தீர்ந்தது என்று போட்டுவிடுகிறேன். எப்படித் தீர்ந்தது என்பதைக் கடைசிப் பதிவில் முழுதாக எழுதுகிறேன். 'நானே கண்டுபிடித்துவிட்டேன், நன்றி' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்களைப் போல் பின்னால் வருகிறவரை நோகடிப்பவர்கள் கிடையாது. அப்புறம் விக்கியில் உரிய பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். உறுதியாகத் தெரிந்தால் தொகுப்பேன், சந்தேகம் இருந்தால் உரையாடல் பக்கத்தில் திரியின் இணைப்போடு போட்டு வைப்பேன். பத்து நிமிட வேலை.

அந்த வைஃபை லேப்டாப் எப்போதோ செத்துவிட்டது. போன மாதம் சும்மா அதன் விக்கிப் பக்கத்தைத் திறந்தேன். என் வரியைக் காணோம். வரலாற்றைச் சொடுக்கிப் பார்த்தேன். எனக்கு முன்பின் தெரியாத ஒருவர் அதை எடுத்திருக்கிறார். குறிப்பில் எழுதியிருந்தது: 'புதிய கெர்னலில் சோதித்தேன், இப்போது துண்டிப்பதில்லை, இது இனி வேண்டாம்.'