மண்ணுல குரோமியம் டெஸ்ட் பண்ண சென்னை லேப் ஒண்ணு, 5க்கு 3 தான் குடுப்பேன்

எங்களுக்கு ராணிப்பேட்டை பக்கம் ரெண்டு ஏக்கர், குரோமியம் போட்டு தோல் பதனிடற ஷாப்போட கழிவு தண்ணி ஒரு காலத்துல ஓடுன வாய்க்கா ஓரம். கீரை போடலாம்னு ஆசை, ஆனா அந்த கீரைய எம்புள்ளைங்களுக்கே குடுக்கலாமான்னு தெரியாம விதைக்க மனசு வரல. மண்வள அட்டை கையில இருக்கு, அதுல தழை, மணி, சாம்பல் சத்து, துத்தநாகம்னு 12 விஷயம்தான் பாப்பாங்க, குரோமியம், ஈயம், காட்மியம் எதுவும் வராது. அதனாலதான் தனியார் லேப்.

நல்லத மொதல்ல சொல்லிடறேன். போன்ல பேசுன பொண்ணு ரொம்ப பொறுமையா சொல்லுச்சு. எவர்சில்வர் கரண்டியால மண்ண எடுக்காதீங்க சார், எவர்சில்வர்லயே குரோமியம் இருக்கு, பிளாஸ்டிக் இல்லனா மரத்துண்டு வெச்சு எடுங்கன்னு. மேல இருக்கற சருக தள்ளிட்டு 15 சென்டிமீட்டர் ஆழம் வரைக்கும், வளைஞ்சு வளைஞ்சு நடந்து பத்து பதினஞ்சு எடத்துல எடுத்து ஒண்ணா கலந்து அரை கிலோ அனுப்பணும். தண்ணி பாயாத மேட்டு மண்ணும் தனியா ஒரு பை, ஏன்னா குரோமியம் எல்லா மண்ணுலயும் இயற்கையாவே கொஞ்சம் இருக்கும், ஒப்பிட ஒண்ணு இல்லாம வெறும் நம்பர வெச்சு எதுவும் சொல்ல முடியாது. இத நான் வேற எங்கயும் கேட்டதே இல்ல.

இப்ப கோவம். ரிப்போர்ட்ல மொத்த குரோமியம் மட்டும்தான். குரோமியத்துல ரெண்டு வகை முக்கியம். தோல் பதனிட போடறது மூணாம் நிலை குரோமியம், அது பெரும்பாலும் மண்ணோட ஒட்டிக்கும். ஆறாம் நிலைதான் புற்றுநோய் வரவழைக்கறது, தண்ணில கரைஞ்சு கெணத்துக்கே போயிடும். ராணிப்பேட்டைல மூடுன குரோமேட் (ஆறாம் நிலை குரோமிய உப்பு) ஃபேக்டரி கழிவு லட்சம் டன்னுக்கு மேல குவிஞ்சு கெடந்து நிலத்தடி தண்ணி கெட்டதே இதனாலதான். ரெண்டையும் சேத்து ஒரே நம்பரா குடுத்தா நான் என்னன்னு எடுத்துக்கறது? கேட்டா, ஆறாம் நிலைக்கு மண்ண காய வைக்காம ஈரத்தோட ஐஸ்ல வெச்சு குடுக்கணும், டெஸ்டும் வேற, காசும் வேறன்றாங்க. சரி, இத பணம் கட்டறதுக்கு முன்னாடியே சொல்லிருக்கணும்ல, நிழல்ல காய வெச்சு அனுப்புங்கன்னு சொன்னதே இவங்கதான்.

வாய்க்கா ஓர மண்ணுல மேட்டு மண்ண விட பல மடங்கு காட்டுது. போன வாரம் புது மண்ண ஐஸ் பெட்டில வெச்சு நானே பஸ்ல எடுத்துட்டு போய் குடுத்துட்டு வந்தேன், ரிப்போர்ட் வந்ததும் இங்கயே போடறேன்.