கரும்பச்சையில் ஒரு டிரெஸாஜ் உடைத்தொகுப்பு: உடுத்திப் பழகிய பின் ஒரு மதிப்பீடு

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். குதிரையைச் சீரான, நுட்பமான அசைவுகளில் நடத்திக் காட்டும் டிரெஸாஜ் என்ற குதிரையேற்றக் கலையைப் பழகுபவர்களிடம் இந்தக் கணக்கு சற்று மாறுகிறது. இங்கே உடுத்திக்கொள்வது ஒருவரல்ல, இருவர். சவாரி செய்பவரின் சட்டையும் பிரீச்சஸ் எனும் இறுக்கமான சவாரிக் கால்சட்டையும் எந்த நிறமோ, அதே நிறத்தில் குதிரையின் சேண விரிப்பும் காதுக் குல்லாவும் கால்பட்டைகளும் அமைய வேண்டும் என்று விரும்புவதை வெற்று ஆடம்பரம் என்று ஒதுக்குபவர்கள் எல்லா லாயங்களிலும் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. ஆனால் நிறம் பொருந்திவிட்டது என்பதற்காக, வேலைக்கு உதவாத பொருளைக் குதிரையின் மேல் ஏற்றுவதும் எனக்கு உடன்பாடில்லை. எனவே ஒரே நிறுவனம், ஒரே பருவத்தில், ஒரே கரும்பச்சையில் வெளியிட்ட முழுத் தொகுப்பை வாங்கிப் பயன்படுத்தியபோது, ஒவ்வொரு துண்டையும் முதலில் அதன் வேலையை வைத்தும் அதன் பிறகே அழகை வைத்தும் எடை போட்டேன்.

பயிற்சி உடைக்கு இவ்வளவு யோசனை எதற்கு என்று கேட்கலாம். போட்டிக்களத்தில் நம் ரசனைக்கு இருக்கும் இடம் மிகக் குறைவு என்பதுதான் காரணம். வெளிர் நிறப் பிரீச்சஸ், அடர்ந்த நிறக் கோட்டு, கழுத்தில் வெள்ளைப் பட்டை, பெரும்பாலும் வெள்ளைச் சேண விரிப்பு என்பதே அங்கே நெடுங்கால வழக்கம். அந்த வழக்கமும் அசையாத ஒன்றல்ல. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் டிரெஸாஜ் வீராங்கனை ஷார்லட் டுஜார்டின் உயரத் தொப்பிக்குப் பதிலாகப் பாதுகாப்புத் தலைக்கவசம் அணிந்து தனிநபர் தங்கத்தை வென்றார். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021 முதல் தன் போட்டிகளில் தலைக்கவசத்தை அனைவருக்கும் கட்டாயமாக்கியது. கோட்டின் நிறத்திலும் முன்பைவிட இப்போது தாராளம் கூடியிருக்கிறது. ஆயினும் எப்போதாவது ஒரு போட்டியில் கலந்துகொள்ளும் பொழுதுபோக்குச் சவாரியாளரின் நேரமெல்லாம் பயிற்சிக்களத்திலேயே கழிகிறது. வண்ணத்தை அனுபவிக்க அவருக்கு இருக்கும் இடமும் அதுதான். ஜெர்மனியின் எஸ்காட்ரான், பிரிட்டனின் லெமியூ போன்ற நிறுவனங்கள் பருவந்தோறும் புதிய நிறத் தொகுப்புகளை வெளியிடுவதும் இந்தப் பயிற்சி நேரத்தை நம்பித்தான்.

தொகுப்பில் நான் முழு மனத்துடன் பரிந்துரைப்பது பிரீச்சஸை. இருக்கை முழுவதும் சிலிக்கான் பிடிமானம் அச்சிட்ட வகை இது. சிறிய அறுகோணங்கள் தொடையின் உட்புறத்தில் நெருக்கமாகவும் பின்புறத்தில் இடைவெளி விட்டும் பதிக்கப்பட்டிருக்கின்றன. இந்த இடைவெளியைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. அமர்ந்தபடியே டிராட் எனும் துள்ளுநடை செய்யும்போது இடுப்பு குதிரையின் முதுகோடு சேர்ந்து அசைய வேண்டும். பிடிமானம் அளவுக்கு மீறி ஒட்டினால், தவறாக உட்கார்ந்தவரைத் தவறான இடத்திலேயே அது பிடித்து வைத்துவிடும். இதில் தொடை நழுவவில்லை, இடுப்பைச் சரிசெய்துகொள்ளவும் முடிகிறது. செயற்கை மெல்தோல் வைத்துத் தைத்த பழைய வகைப் பிரீச்சஸ்கள் துவைத்த பின் அட்டைபோல விறைப்பதுண்டு. இங்கே அந்தத் தொல்லை இல்லை. முதல் சில சவாரிகளில் சிலிக்கான் சேணத்தோலில் உரசி எழுப்பும் கிறீச்சொலி காதை உறுத்தும். பின்னர் அது தானாக அடங்கிவிடுகிறது.

இடுப்புப்பட்டை உயரமானது, அகலமானது. முன்னால் சாயும்போது மடிந்து வயிற்றை அழுத்துவதில்லை. கெண்டைக்காலுக்குக் கீழே ஒட்டுப்பட்டைக்குப் பதிலாகக் காலுறை போன்ற மெல்லிய மீள்துணி வருவதால், உயரமான பூட்ஸுக்குள் தடிப்பு எதுவும் உறுத்தவில்லை. குறை ஒன்று உண்டு. வலது முழங்காலின் உட்புறத்தில், தையலை ஒட்டியிருக்கும் அறுகோணங்கள் ஓரத்திலிருந்து உரியத் தொடங்கியிருக்கின்றன. தையல் கோட்டின் மேலேயே அச்சைக் கொண்டுபோனதன் விளைவு இது. அரை விரற்கடை தள்ளி நிறுத்தியிருந்தால் இது நேர்ந்திருக்காது.

அடுத்தது சேண விரிப்பு. டிரெஸாஜ் சேணத்தின் மடல் நீளமாகவும் ஏறத்தாழ நேராகவும் இறங்குவதால், விரிப்பும் அதற்கேற்ற வெட்டில் இருக்க வேண்டும். தாவல் சவாரிக்கான விரிப்பை வாங்கிவிட்டு நிறம் மட்டும் பொருந்துகிறது என்று மகிழ்வதில் பயனில்லை. இந்த விரிப்பின் மேல்விளிம்பு, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டுப் பகுதியில் நன்றாக உயர்ந்து வளைகிறது. சேணம் பூட்டும்போது அந்த இடத்தில் துணியை மேலே இழுத்து, சேணத்தின் நடுக்குழிக்குள் காற்றுப் புகும்படி விடுவது வழக்கம். வளைவில்லாத விரிப்புகள் சவாரியின் போது மெல்லக் கீழிறங்கி எலும்பின் மேல் இறுகிவிடும். இது கடைசி வரை ஏற்றி விட்ட இடத்திலேயே நின்றது.

இன்னொரு நுட்பத்தையும் பாராட்ட வேண்டும். டிரெஸாஜ் சேணத்தில் வயிற்றுவாரைப் பூட்டும் வார்கள் நீளமாகவும் வயிற்றுவார் குட்டையாகவும் இருப்பதால், கொக்கிகள் காலின் அடியில் சிக்காமல் கீழே, குதிரையின் முழங்கைப் பக்கமாக வருகின்றன. அந்த உரசல் விழும் இடத்தில் வழவழப்பான தடித்த துணியை ஒட்டுப்போட்டுத் தைத்திருக்கிறார்கள். வடிவமைத்தவர் தம் கையால் ஒரு குதிரைக்காவது சேணம் பூட்டியிருப்பார் என்ற நம்பிக்கை அதைப் பார்த்ததும் வந்தது. உட்புறத் துணி வியர்வையை விரைவாக உறிஞ்சுகிறது. ஆனால் கரும்பச்சையில் வியர்வை உப்பு ஒளிந்துகொள்வதில்லை. உலர்ந்த பின் விளிம்பெங்கும் வெண்கோடு படிகிறது. மென்மையான தூரிகையால் தட்டிவிட்டால் பெரும்பகுதி போய்விடும்.

நிறம் உண்மையில் பொருந்துகிறதா என்ற கேள்விக்கு, பகல் வெளிச்சத்தில் ஆம் என்றும் விளக்கொளியில் ஓரளவு என்றும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சட்டை பாலியெஸ்டர், பிரீச்சஸ் நைலான், விரிப்பின் உட்துணி பருத்திக் கலவை. இந்த மூன்று இழைகளும் ஒரே சாயத்தை ஏற்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வகைச் சாயம் தேவைப்படுகிறது. சூரிய ஒளியில் ஒன்றுபோலத் தெரியும் இரு சாயங்கள் வேறொரு விளக்கின் கீழ் பிரிந்து தெரிவது இயல்பு. உள்ளரங்கில் சட்டை மட்டும் சற்று நீலம் பாய்ந்து நிற்கிறது. பரப்பின் தன்மையும் இதில் சேர்ந்துகொள்கிறது. விரிப்பின் மேல்துணி பளபளப்பதால் வெளிறியும், கால்பட்டையின் பிளீஸ் எனும் பஞ்சுபோன்ற துணி ஒளியை விழுங்குவதால் கறுத்தும் தோன்றுகின்றன. எனக்கு இது உறுத்தவில்லை. ஒரே நிறத்தின் நான்கு ஆழங்கள் சேர்ந்து வருவது, அச்சடித்தாற்போல ஒன்றாக இருப்பதைவிட நன்றாகவே இருக்கிறது. அதிலும் செம்பழுப்புக் குதிரையின் மேல் பச்சை எடுப்பாகத் தெரியும். எதிர்நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் என்ற ஓவியர்களின் பாடம் அப்படியே இங்கே பலிக்கிறது. இதே தொகுப்பைக் கறுப்புக் குதிரைக்குப் பூட்டினால் தொலைவிலிருந்து நிறமே தெரியாது. அங்கே வெளிர் நிறங்களே வெல்லும்.

நிறத்துக்குப் பயிற்சியில் ஒரு வேலையும் உண்டு. வெள்ளைக் கையுறை குதிரையின் கறுத்த கழுத்தின் முன்னே ஒவ்வொரு கை நடுக்கத்தையும் காட்டிக்கொடுக்கும். அடர்ந்த கையுறை மறைத்துவிடும். அதுபோலவே பிரீச்சஸும் விரிப்பும் ஒரே அடர்நிறத்தில் கலந்துவிட்டால், கால் முன்னும் பின்னும் அலைவதைப் பயிற்றுநர் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. இது சவாரியாளருக்கு வசதி, கற்றலுக்கு நட்டம். ஆகவே இருக்கையையும் காலையும் திருத்திக்கொள்ளும் பாடங்களுக்கு இந்த விரிப்பை விட்டுவிட்டு வெள்ளை விரிப்பைப் பூட்டுகிறேன். தொகுப்போடு வரும் பச்சைக் கையுறைகளையும் அன்று எடுப்பதில்லை. அவற்றின் தையல் சிறுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே, கடிவாள வார் ஓடும் இடத்தில் வலுவாக இருக்கிறது என்பதைத் தவிர அவற்றைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

சட்டை மெல்லியது, விரைவில் உலர்வது, நீண்ட கையுடையது. கழுத்து ஜிப்பின் மேல்நுனியை ஒரு சிறு மடிப்புக்குள் ஒளித்திருப்பதால் தாடையில் குத்துவதில்லை.

தொகுப்பில் எனக்கு ஏமாற்றம் அளித்தவை கால்பட்டைகளும் காதுக் குல்லாவும். பிளீஸ் பட்டைகள் நான்கும் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. சீராகச் சுற்றி முடித்த நான்கு கால்களைப் பார்ப்பதில் இருக்கும் இன்பத்தை மறுக்க மாட்டேன். ஆனால் களத்து மணலும் மரத்தூளும் உதிர்ந்த முடியும் அவற்றில் ஒட்டிக்கொண்டு எளிதில் விடுவதில்லை. ஈரமானால் கனத்துச் சரிகின்றன. பட்டை சுற்றிய காலில் வெப்பம் தேங்கும் என்பதும், இழுவிசை ஒரே சீராக இல்லாவிட்டால் தசைநாணில் ஓரிடத்தில் அழுத்தம் கூடும் என்பதும் இவற்றைத் தினமும் கட்டத் துணிபவர்கள் நினைவில் வைக்க வேண்டியவை. சர்வதேச விதிகளின்படி டிரெஸாஜ் தேர்வு எனப்படும் போட்டிச் சுற்றுக்குள் நுழையும்போது கால்பட்டைகளைக் கழற்றியாக வேண்டும் என்பதால், போட்டிக்கும் இவை உதவப்போவதில்லை. படம் எடுக்கும் நாளுக்கு இவை சரி.

குல்லாவைப் போட்டியிலும் அணிவிக்கலாம் என்றாலும், முதல் சலவையிலேயே பச்சைச் சாயம் கசிந்து விளிம்பின் வெள்ளைக் கயிற்றைக் கறைப்படுத்திவிட்டது. காதுப் பகுதியின் மீள்துணி மென்மையாக இருக்கிறது, குதிரை தலையை உதறவில்லை. நெற்றிப்பட்டைக்கு அடியில் வரும் தையல்தான் தேவைக்கு மேல் தடித்திருக்கிறது. கறை விழுந்ததை எழுதித் தெரிவித்தேன். துவைக்கும் முறை தவறு என்று ஒற்றை வரியில் மறுமொழி வந்தது. உள்ளே தைத்திருக்கும் சீட்டில் உள்ளபடி 30 டிகிரி நீரில், தனியாகத்தான் துவைத்திருந்தேன்.

துவைப்பதைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. துணியை மென்மையாக்கும் திரவத்தை இந்தத் தொகுப்பின் எந்தத் துண்டுக்கும் பயன்படுத்த வேண்டாம். வியர்வையை உறிஞ்சி உலர்த்தும் தன்மையை அது மழுங்கடிக்கும். பிரீச்சஸை உள்வெளியாகத் திருப்பி, நிழலில் காயப்போட வேண்டும். சூடான உலர்த்தியும் இஸ்திரியும் சிலிக்கானுக்கும் மீள் இழைக்கும் எமன்.

இதே நிறத்தில் தலைக்கவசப் பட்டையும் கிடைக்கிறது, நான் வாங்கவில்லை. தலைக்கவசம் பொருத்தமும் பாதுகாப்புச் சான்றும் பார்த்து வாங்கி, பலத்த அடி பட்டதும் மாற்ற வேண்டிய பொருள். அதற்குப் பச்சை தேடுவது தேவையற்ற வேலை.

வாங்க நினைப்பவர்கள் பிரீச்சஸ், விரிப்பு, சட்டை ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். பார்வைக்கு ஒருங்கு அதிலேயே கிடைத்துவிடுகிறது. பருவநிறங்கள் அடுத்த பருவத்தில் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை என்பதையும், எல்லாவற்றையும்விட முதலில் நைந்துபோவது சேண விரிப்புதான் என்பதையும் சேர்த்து யோசித்தால், இந்தப் பச்சை பிடித்தவர்கள் விரிப்பை மட்டும் இரண்டாக வாங்கி வைப்பது நல்லது. அப்படிச் செய்ய மனமில்லாதவர்களுக்கு எந்தப் பருவத்திலும் கிடைக்கும் கருநீலம் இருக்கிறது.